விரைவுச் சரக்கு வண்டியும் சேம அச்சும்

முன்னுரை

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த உப்பு விளையும் மண்ணிலிருந்து நாள்தோறும் இக்கல்லூரிக்கு வந்து செல்பவன் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும் எவரும், சாலையோரம் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் கண்டிருப்பர். பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பவர்க்கு அது கண்ணுக்கு விருந்து. அங்கு வாழ்பவர்க்கோ அது பிழைப்பு.

உப்பை விளைவிப்போரைப் பற்றியும் மீன் பிடிப்போரைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். விளைந்ததையும் பிடித்ததையும் உரிய நேரத்தில் உரிய இடத்தில் கொண்டு சேர்க்கும் வண்டிக்காரர்களைப் பற்றி எழுதியோர் குறைவு. இன்று எங்கள் பகுதியில் படிப்பை முடித்த இளைஞர்களில் பலர், 'வேலைக்காகக் காத்திருப்பதைவிட ஒரு குட்டியானை வாங்கி ஓட்டினால் என்ன?' என்று எண்ணுகின்றனர். நம் வகுப்பு நண்பர்களிலேயே சிலர் அப்படி எண்ணுவதை நான் அறிவேன். எண்ணம் நல்லதே. ஆனால் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றும் நம் பெரியோர் சொல்லியிருக்கின்றனர். ஆகவே சிறிய வண்டிகளைக் கொண்டு விரைவுச் சரக்குத் தொழில் தொடங்குவது எப்படி, நடத்துவது எப்படி என்பதை நான் கண்டும் கேட்டும் வகுப்பில் கற்றும் அறிந்த அளவில் இங்கு விளக்க முயல்கிறேன்.

உமணர் முதல் குட்டியானை வரை

சரக்குப் போக்குவரத்து எங்கள் கரைக்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகர்களைச் சங்க இலக்கியம் உமணர் என்று அழைக்கிறது. அவர்கள் தனித்தனியே போகவில்லை. பல வண்டிகள் ஒன்றுசேர்ந்து சாத்தாகச் சென்றனர்.

அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 102-ஆம் பாடலில் இந்த உமணரின் ஒரு பழக்கத்தை உவமையாகக் காட்டுகிறார். வழியில் மேடு வரும், பள்ளம் வரும், வண்டிக்கு என்ன நேருமோ என்று முன்கூட்டியே எண்ணி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். தமிழ் வகுப்பில் இப்பாடலை நடத்தியபோது இதை வெறும் உவமையாகவே கேட்டேன். இத்தொழிலின் உயிர்நாடியே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பது எனக்குப் பின்னரே விளங்கியது. அது எப்படி விளங்கிற்று என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

மாட்டு வண்டிக்குப் பின் படகு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக வெட்டப்பட்டு, 1877-78 பஞ்சத்தின்போது நடந்த நிவாரண வேலையால் சென்னை நகருக்குள் இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கிய கால்வாய், ஆந்திரக் கரையின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. எங்கள் உப்பு படகேறிச் சென்னைக்குச் சென்ற காலம் அது. 1960-களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகு போய் லாரி வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை செப்பனிடப்பட்டு, 2002-இல் சுங்கச் சாலையானபின் போக்குவரத்து மேலும் பெருகியது.

2005-இல் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறிய நான்கு சக்கரச் சரக்கு வண்டியை வெளியிட்டது. முக்கால் டன் சுமக்கும் அந்த வண்டிக்கு நம் மக்கள் இட்ட பெயர்தான் குட்டியானை. லாரி நுழையாத குப்பத்துச் சந்திலும் அது நுழையும். மூன்று சக்கர லோடு ஆட்டோ போகத் தயங்கும் நெடுஞ்சாலையிலும் அது போகும். 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. இத்தகைய வண்டிகள் வந்த பின்னரே, லாரி வாங்க வசதியில்லாத ஒரு குடும்பமும் சரக்குத் தொழிலில் காலூன்றும் நிலை ஏற்பட்டது.

விரைவுச் சரக்கு என்பது யாது?

சாதாரணச் சரக்குக்கும் விரைவுச் சரக்குக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும். லாரி ஆபீசில் ஒரு மூட்டையைப் போட்டால், முழு லோடு சேரும் வரை அது காத்திருக்கும். பிறகு வேறோர் ஊரில் இறங்கி, மற்றொரு வண்டியில் ஏறி, இரண்டு மூன்று நாளில் போய்ச் சேரும். கட்டணம் குறைவு, நேரத்துக்கு உறுதி இல்லை. விரைவுச் சரக்கில் ஒருவருடைய பொருளை ஏற்றியவுடன் வண்டி புறப்படும். வழியில் மாற்றாமல் நேரே போய் இறக்கும். கட்டணம் கூடுதல். அந்தக் கூடுதல் கட்டணம் நேரத்தின் உறுதிக்காகக் கொடுக்கப்படுவது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். விரைவுச் சரக்கு என்றால் வண்டியை வேகமாக ஓட்டுவது என்று பலர் நினைக்கின்றனர். மரக்காணத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 120 கிலோமீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 2 மணி 24 நிமிடம் ஆகும். உயிரைப் பணயம் வைத்து 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 1 மணி 43 நிமிடம் ஆகும். மிச்சம் 41 நிமிடம். ஆனால் சரக்கு தயாராகாமல் வண்டி வாசலில் காத்து நிற்பது ஒரு மணி நேரம். இறக்கும் இடத்தில் ஆள் இல்லாமல் நிற்பது இன்னொரு மணி நேரம். தாள் சரியில்லாமல் வழியில் நிற்பது வேறு. ஆகவே விரைவு என்பது ஓட்டத்தில் இல்லை, காத்திருப்பைக் குறைப்பதில் இருக்கிறது. இதை உணர்ந்த ஓட்டுநர் மிதமான வேகத்தில் போயும் நேரத்துக்குச் சேர்வார். உணராதவர் பறந்து போயும் தாமதமாகவே சேர்வார்.

இத்தொழில் உலக அளவில் எப்படி வளர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1973 ஏப்ரல் 17 அன்று 14 சிறிய விமானங்களுடன் தன் பணியைத் தொடங்கியது. முதல் இரவு அது கொண்டு சென்றவை 186 பொட்டலங்களே. இன்று உலகெங்கும் கிளை பரப்பியுள்ள அந்நிறுவனம் தொடக்க ஆண்டுகளில் கோடிக்கணக்கான டாலர்களை இழந்தது. தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பின்னால் நின்ற முதலீடு. நம் நாட்டில் அஞ்சல் துறை 1986 ஆகஸ்டு 1 அன்று விரைவு அஞ்சலைத் தொடங்கியது. பெரியதாயினும் சிறியதாயினும் இத்தொழிலில் விற்கப்படும் பண்டம் ஒன்றே. அது, 'இன்ன நேரத்தில் வந்து சேரும்' என்ற வாக்கு.

எங்கள் கரையில் எவற்றுக்கு அவசரம்?

வண்டி வாங்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. எந்தப் பொருள் காத்திருக்காதோ அந்தப் பொருளே விரைவுச் சரக்கு வண்டியின் வாழ்வு.

உப்பைப் பாருங்கள். அது கெடுவதில்லை, எடை மிகுதி, விலை குறைவு. அதை முக்கால் டன் வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு ஓட்டினால் வாடகையே உப்பின் விலையைத் தின்றுவிடும். உப்புக்கு லாரியே பொருத்தம். ஆனால் உப்புக்கு அவசரம் இல்லையே தவிர, உப்பளத்துக்கு அவசரம் உண்டு. கோடை வெயில் கொளுத்தும் நாளில் பாத்திக்கு உவர்நீர் இறைக்கும் மோட்டார் நின்றுபோனால், அன்றைய வெயில் வீண். ஒரு பேரிங்கோ ஒரு பெல்ட்டோ அன்றே திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வந்தாக வேண்டும். வானம் திடீரென்று இருண்டால் அம்பாரத்தை மூடத் தார்ப்பாய் உடனே வேண்டும். அந்த ஒரு நடைக்கு உப்பள உரிமையாளர் பேரம் பேசுவதில்லை.

அடுத்தது மீன். எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு முதலிய ஊர்களில் விடியற்காலையில் கரையேறும் மீன் சென்னை, புதுச்சேரிச் சந்தைகளுக்குப் போக வேண்டும். நம் வெப்பநிலையில் ஐஸ் இல்லாத மீன் அரைநாள் தாங்காது. ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் என்பது வெப்ப நாடுகளுக்கு மீன்வள அறிஞர் சொல்லும் பொதுவான அளவு. இதில் வண்டிக்காரர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 700 கிலோ ஏற்றும் வண்டியில் 350 கிலோ மீன்தான் போகும், மீதி ஐஸ். வாடகை பேசும்போது இதை மறந்தால் நட்டம்.

மூன்றாவது, அவசரத்திலும் அவசரமானது இறால் குஞ்சு. 2009-இல் வன்னமை இறால் வளர்க்க நம் நாட்டில் அனுமதி கிடைத்தபின் இறால் வளர்ப்பு வேகமாகப் பெருகியது. எங்கள் கரையோரம் குஞ்சு பொரிப்பகங்கள் பல உள்ளன. அங்கு உருவாகும் கண்ணுக்கு எட்டாத சிறு குஞ்சுகளைப் பாலிதீன் பையில் நீருடன் இட்டு, மிச்ச இடத்தை ஆக்சிஜனால் நிரப்பி, நீரைக் குளிரவைத்து, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, ஆந்திரத்துப் பண்ணைகளுக்கு இரவோடிரவாக அனுப்புவர். பையில் உள்ள ஆக்சிஜனே அந்த உயிர்களின் ஆயுள். வெயில் ஏறினால் நீர் சூடாகும், குஞ்சு மடியும். இந்த லோடை ஏற்றிய ஓட்டுநருக்குக் கடிகாரமே முதலாளி.

இவையன்றிக் கோடையில் தர்பூசணியும், மற்ற நாட்களில் காய்கறியும், மருந்தும், கடைச் சரக்கும் உண்டு. பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் உப்பளம் உறங்கும். அந்த மாதங்களில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர்க்குத் தமிழக அரசு 2022-இல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. வண்டிக்காரருக்கு அத்தகைய நிவாரணம் இல்லை. மாதத் தவணைக்கு மழைக்காலமும் இல்லை, தடைக்காலமும் இல்லை. ஆகவே ஒரே சரக்கை நம்பாமல், ஒன்று ஓயும்போது மற்றொன்று கைகொடுக்குமாறு இரண்டு மூன்று வகைச் சரக்குகளைப் பிடித்து வைத்திருப்பதே அறிவுடைமை.

ஒரு வண்டியின் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை, கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஊருக்கும் வண்டிக்கும் தக்கபடி இவற்றை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டியின் விலை 7 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். கைப்பணம் 1,40,000. மீதி 5,60,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 11 சதவிகித வட்டியில் 48 மாதங்களில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 14,500 ரூபாய். ஓட்டுநர் சம்பளம் 18,000. காப்பீடு, வரி, தகுதிச் சான்று ஆகியவற்றின் ஆண்டுச் செலவை மாதத்துக்குப் பங்கிட்டால் 5,000. வண்டி நிறுத்துமிடம், தொலைபேசி முதலியன 1,500. ஆக மொத்தம் 39,000 ரூபாய். வண்டி ஓடினாலும் நின்றாலும் இது உண்டு. வணிகவியலில் இதை நிலையான செலவு என்கிறோம்.

ஓடினால் மட்டும் வரும் செலவு வேறு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடி, டீசல் 93 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 20 காசு. டயர் தேய்மானம், ஆயில், பழுது ஆகியவற்றுக்கு 2 ரூபாய் 80 காசு. மொத்தம் 9 ரூபாய். சென்னை போய்வர 240 கிலோமீட்டருக்கு 2,160 ரூபாய். சுங்கம், ஏற்றுக்கூலி, ஓட்டுநர் பேட்டா 640. ஆக ஒரு நடைக்கு 2,800 ரூபாய்.

சென்னைக்கு வாடகை 4,400 ரூபாய் கிடைத்தால் ஒரு நடையில் மிஞ்சுவது 1,600. நிலையான செலவாகிய 39,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் 24-க்குச் சற்று மேல் வரும். அதாவது மாதத்தில் 25 நடை ஓடினால்தான் கையைக் கடிக்காமல் நிற்கலாம். முதலாளிக்கு லாபம் என்பது அந்த 25-ஆவது நடையில்தான் தொடங்குகிறது.

இதே வண்டிக்குச் சென்னையிலிருந்து திரும்பும்போது 1,400 ரூபாய்க்கு ஒரு ரிட்டன் லோடு கிடைத்தால் என்ன ஆகும்? டீசல் எப்படியும் செலவாகிவிட்டது. ஆகவே அந்த 1,400 பெரும்பாலும் மிச்சமே. நடைக்கு மிஞ்சுவது 3,000. இப்போது மாதத்துக்கு 13 நடை போதும். 25 எங்கே, 13 எங்கே? வெறும் வண்டியாகத் திரும்புவதே இத்தொழிலைத் தின்னும் கறையான். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ரிட்டன் லோடுக்காகச் சென்னையில் ஒரு நாள் முழுதும் காத்துக்கிடந்து, மறுநாள் விடியலில் மீன் ஏற்ற வர முடியாமல் போனால், 1,400-க்கு ஆசைப்பட்டு 4,400-ஐயும் வாடிக்கையாளரையும் இழந்தவர் ஆவோம்.

இன்னொரு செய்தியைப் பாடநூல் அழுத்திச் சொல்வதில்லை. டீசலுக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும். வாடகையோ மாதம் முடிந்தபின்தான் வரும். 25 நடைக்கு 70,000 ரூபாயும், நிலையான செலவு 39,000 ரூபாயும் சேர்த்து 1,09,000 ரூபாய், முதல் வாடகையைக் கண்ணால் காணுமுன்னரே கையிலிருந்து போய்விடும். வண்டி வாங்கப் பணம் திரட்டுவோர் பலர். வண்டி ஓடப் பணம் வைத்திருப்போர் சிலரே. 'ஆனையை வாங்கினவன் அங்குசத்தை வாங்க மாட்டானா?' என்பார்கள். குட்டியானையை வாங்கியவர்களில் பலர் அங்குசத்துக்குப் பணமின்றித்தான் தவிக்கின்றனர்.

என் மாமன் கற்ற பாடம்

நான் சொல்ல வந்த செய்தி இதுவே. என் தாய்மாமன் பதினைந்து ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டியவர். 2017-இல் சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார். என் தாயின் வளையலும் அதில் சேர்ந்திருந்தது. முதல் ஓராண்டு நன்றாகவே போயிற்று. ஒரு பொரிப்பகத்துக்காரர் இவருடைய நேரந்தவறாமையைக் கண்டு இறால் குஞ்சு லோடுகளைத் தொடர்ந்து கொடுத்துவந்தார். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு.

அடுத்த ஆண்டு வைகாசி மாதம் ஓர் இரவு, நெல்லூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குக் குஞ்சு ஏற்றிச் சென்றார். கும்மிடிப்பூண்டியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ரேடியேட்டரின் ஓஸ் பைப் வெடித்தது. அது சில நூறு ரூபாய்ப் பொருள். முதல் வாரமே அதில் கீறல் விழுந்திருந்ததை அவர் கண்டிருந்தார். 'அடுத்த வாடகை வந்ததும் மாற்றலாம்' என்று விட்டிருந்தார். நள்ளிரவு. கடை இல்லை, மாற்றுப் பைப் இல்லை, அழைத்தால் வர இன்னொரு வண்டியும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் வண்டியோடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. வெயில் ஏறியிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது பையின் அடியில் குஞ்சுகள் வெள்ளைப் பொடியாகப் படிந்து கிடந்தன என்று அவர் சொல்லும்போது இன்றும் குரல் கம்மும்.

வாடகை கிடைக்கவில்லை. அதுவரை வர வேண்டிய பழைய பாக்கியும் நட்டக் கணக்கில் நிறுத்தப்பட்டது. அந்த லோடுகளும் நின்றன. நான்கு தவணைகள் தவறியபின் கடன் கொடுத்தவர்கள் வந்து வண்டியை எடுத்துச் சென்றனர். அன்று நான் பள்ளி மாணவன். தெருமுனை வரை அந்த வண்டியின் பின்னே ஓடியது நினைவிருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் ஔவையாரின் அந்தப் பாடலைப் படித்த மாலை, மாமனிடம் சேம அச்சைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உப்பு வண்டி ஓட்டுன அந்தக் காலத்து ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு மாப்ள, எனக்குத்தான் தெரியல" என்றார். அவ்வளவுதான். ஆனால் நான் கணக்கியல் வகுப்பில் காப்பு நிதி என்று மனப்பாடம் செய்திருந்த சொல்லுக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது.

ஒன்றிலிருந்து மூன்று

மாமன் 2021-இல் மீண்டும் தொடங்கினார். இம்முறை தனியாக அன்று. ஆளுக்கொரு வண்டி வைத்திருந்த வேறு இருவருடன் சேர்ந்துகொண்டார். உமணர் சாத்தாகச் சென்றதுபோல் மூவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அவர்கள் நடத்தும் முறையிலிருந்து, தொழில் தொடங்க எண்ணும் நண்பர்களுக்குச் சில செய்திகளைத் தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, இரவில் இரண்டு வண்டிகளே வெளியூர் போகும். மூன்றாவது ஊரில் நிற்கும். அது பகலில் உப்பளத்துக்கும் கடைகளுக்கும் அருகில் ஓடும். எந்த வண்டி வழியில் நின்றாலும் மூன்றாவது உடனே புறப்பட வேண்டும். வாடகை வண்டிக்காரருக்கு வந்தாலும், உதவிக்குப் போன நடையின் செலவை மூவரும் பங்கிட்டுக்கொள்வர்.

இரண்டாவது, ஒவ்வொரு நடையிலும் 200 ரூபாய் பொதுவில் போடப்படுகிறது. மாதம் 20 நடை என்றால் ஒரு வண்டிக்கு 4,000, மூன்று வண்டிக்கு 12,000. இது லாபமன்று. இதை வீட்டுச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு.

மூன்றாவது, ஓட்டுநர் இருக்கையின் அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் ஓஸ் பைப், பெல்ட், பியூஸ், பல்பு, கிளிப்பு, கம்பி, தண்ணீர்க் கேன். அதிகம் போனால் மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு. புறப்படுமுன் ஸ்டெப்னியில் காற்றைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நான்காவது, ஓட்டுநரின் உறக்கம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்தது. இரவு முழுதும் ஓட்டியவரைப் பகலிலும் ஓட்டச் சொல்லும் முதலாளி, டீசலை மிச்சப்படுத்தி உயிரைச் செலவிடுகிறார். மூன்று வண்டிக்கு நான்கு ஓட்டுநர் என்பதும் ஒரு சேம அச்சே.

ஐந்தாவது, தாமதம் நேர்ந்தால் முதலில் சொல்லிவிடுவது. வண்டி அரை மணி தாமதமாகும் என்று முன்னரே அறிந்த வாடிக்கையாளர் இறக்கும் ஆட்களை அதற்கேற்ப வரச் சொல்வார். அறியாதவர் வாசலில் நின்று பொருமுவார். வாக்குத் தவறுவதைவிட, தவறப் போவதை மறைப்பதே நம்பிக்கையை உடைக்கிறது.

தாள்களும் சட்டமும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்குடன் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. சிறு வண்டியில் தொழில் தொடங்குவோர்க்கு இது பெரிய வசதி. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. தகுதிச் சான்று, மாசுச் சான்று, காப்பீடு ஆகியவை நாள் தவறாமல் இருக்க வேண்டும். சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நாம் ஏற்றும் சரக்கைக் காப்பதில்லை. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். அதிக எடை ஏற்றிப் பிடிபட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு மாத உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

பலருடைய சரக்கையும் கூலிக்கு ஏற்றி அனுப்புவோர், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2011-இல் நடைமுறைக்கு வந்தது இது. சரக்கை ஒப்படைப்பவர் எழுத்தில் விவரம் தர வேண்டும், ஏற்றுபவர் ரசீது தர வேண்டும். அதிக மதிப்பு எழுத்தில் அறிவிக்கப்படாத சரக்குக்குச் சேதம் நேர்ந்தால், பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரையே என்பது இதன் விதி. என் மாமன் கையில் அன்று ஒரு துண்டுத் தாள் இருந்திருந்தால், பேச்சுவார்த்தையாவது முறையாக நடந்திருக்கும். நம்பிக்கை வேறு, தாள் வேறு. நண்பர்களுக்கிடையேதான் தாள் மிகவும் வேண்டும்.

எங்கள் ஊரின் தனிச்சிக்கல் ஒன்றும் உண்டு. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி 35 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் காலாப்பட்டு புதுச்சேரி ஆட்சிப்பகுதி, அதைத் தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு, கோட்டக்குப்பம் கடந்தால் மறுபடியும் புதுச்சேரி. ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று முறை எல்லை. உப்பு, பச்சை மீன், இறால் குஞ்சு ஆகியவற்றுக்குச் சரக்கு சேவை வரி இல்லாததால் மின்வழிச் சீட்டும் தேவையில்லை. ஆனால் வரியுள்ள சரக்கு 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால், எல்லை கடக்க அச்சீட்டு வேண்டும். மோட்டாருக்குப் பேரிங் வாங்கச் சென்றவர், திரும்பும்போது ஒரு புதிய டீசல் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு சீட்டில்லாமல் நின்றால், விரைவு அங்கேயே முடிந்தது.

முடல் வேண்டுவோர் 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின்கீழ் வங்கிகளை அணுகலாம். சரக்கு வண்டிக்கும் அதில் கடன் உண்டு. கந்துவட்டிக்கு வாங்கிய பணத்தில் வாங்கிய வண்டி, வட்டிக்காரனுக்காகவே ஓடும்.

முடிவுரை

இத்தொழிலில் சொகுசு இல்லை. உழைப்பும் கணக்கும் இருப்பவர்க்குச் சோறு உண்டு. நம் கல்லூரியில் பயிலும் பலர் உப்பளத் தொழிலாளர், மீனவர், ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகள். பட்டம் பெற்ற பின் வண்டி ஓட்டுவது இழிவன்று. கணக்குத் தெரியாமல் ஓட்டுவதே இழப்பு. நம் தந்தையரிடம் உழைப்பு இருந்தது, ஏடு இல்லை. நம்மிடம் ஏடு இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் சேர வேண்டும். கல்வி கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

மாமனின் வண்டிக் கணக்கை இப்போது நான்தான் வாரந்தோறும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, நான் ஏட்டில் பதிவேன். வரவு, செலவு என்ற இரண்டு பத்திகளுக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு பத்தி உண்டு. அதன் தலைப்பில், அவர் கேட்டுக்கொண்டபடி, சேம அச்சு என்று எழுதியிருக்கிறேன்.